அரை நோன்பு

முதலில் பொய் சொன்னவள் நான்தான். அதை நானே சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் வந்து எனக்கு எடுத்துச் சொல்ல வேண்டாம். ஆனால் ஒன்பது வயதுப் பெண் என்னை நிற்க வைத்துக் கேள்வி கேட்டாளே, அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை. யார்மேல் கோபம் என்று கேட்டால் நாலு பேர் பெயர் வரும். அந்த நாலில் என் பெயரும் உண்டு.

என் பெயர் அஜீசுன்னிசா. தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டு குடியிருப்பில் இரண்டாவது மாடி. துணி தைக்கிறேன். சுடிதார், ஜாக்கெட், புர்கா எல்லாம். ரமலான் மாதம் வந்தால், பெருநாளுக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று ஒருத்தியும் நினைக்கமாட்டாள். எல்லோருக்கும் நாளைக்கே வேண்டும். என் வீட்டுக்காரர் யாசின் எண்ணூர் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறார். கன்டெய்னரை ஏற்றிக்கொண்டு கேட்டுக்கு வெளியே வரிசையில் நின்றால் ஒரு நாளும் ஆகும், இரண்டு நாளும் ஆகும். வீட்டில் மிச்சம் நானும் தையல் மெஷினும் மகள் தஹ்சீனும்தான்.

தஹ்சீனுக்கு ஆறு வயதில் சர்க்கரை வியாதி வந்தது. பெரியவர்களுக்கு வருவது அல்ல, பிள்ளைகளுக்கு வருவது. மாத்திரை கிடையாது, ஊசிதான். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, ஆயுசு முழுக்க. ஊசி போட்டால் நேரத்துக்குச் சாப்பிட்டே ஆகவேண்டும். இல்லாவிட்டால் சர்க்கரை சரசரவென்று இறங்கும். முதலில் வேர்க்கும், கை நடுங்கும், எல்லோர்மீதும் எரிந்து விழுவாள். அப்புறம் மயக்கம். அதற்கு அப்புறம் என்ன என்பதை டாக்டரம்மா சொன்னார், நான் சொல்லமாட்டேன். எழுபதுக்குக் கீழே போனால் உடனே குளுக்கோஸ் தண்ணீர், யோசிக்கவே கூடாது என்று சொல்லியிருக்கிறார். அதனால் குளுக்கோஸ் பாக்கெட் என் தையல் மெஷின் டிராயரில் நூல்கண்டுகளோடு கிடக்கிறது. விரலில் குத்தி ரத்தம் பார்க்கிற மெஷினும் அங்கேயேதான்.

ஏழு வயதில் நோன்பு வைப்பேன் என்றாள். கூடாது என்றேன். என் மகள் அடம்பிடித்தால் அழமாட்டாள், தரையில் புரளமாட்டாள். வாயை இறுக்கி மூடிக்கொண்டு ஒரே இடத்தில் உட்கார்ந்துவிடுவாள். அன்று ராத்திரி ஊசிக்குக் கை நீட்டவில்லை. இரண்டு மணி நேரம் கெஞ்சினேன், மிரட்டினேன், கடைசியில் அந்தப் பொய்யைச் சொன்னேன்.

எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்கிற பொய்தான் அது. இன்றைக்குப் பாதி நாள், நாளைக்குப் பாதி நாள், இரண்டையும் சேர்த்தால் ஒரு நோன்பு. அரை நோன்பு என்று அதற்குப் பெயர். பிள்ளைகள் பெரிதானதும் தானாகத் தெரிந்துகொண்டு சிரித்துவிட்டுப் போய்விடும். என் வாய் சும்மா இருக்குமா? கூடுதலாக ஒன்றைச் சேர்த்துச் சொன்னேன்.

"நீ ரெண்டு பாதிய வச்சிடு. நான் டெய்லரு இல்ல? ரெண்டையும் ஜாயின்ட் பண்ணி தச்சி அல்லாவாண்ட குடுத்துட்றேன்."

அவள் நம்பினாள். கண்ணை அகல விரித்துக்கொண்டு நம்பினாள். காலை ஊசி போட்டு இட்லி தின்றுவிட்டு மதியச் சாப்பாடு வரைக்கும் ஒன்றும் தின்னாமல் இருந்தால் ஒரு பாதி. மறுநாள் மதியச் சாப்பாட்டிலிருந்து, பொழுது சாய்ந்ததும் சொல்கிற மஃரிப் பாங்கு வரைக்கும் இன்னொரு பாதி. அவள் தினமும் சாப்பிடுகிற கணக்கே அதுதான். நடுவில் சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்ததும் ஒரு கிண்ணம் சுண்டல் தின்றாக வேண்டும். அது சாப்பாடு ஆகாதா என்று கேட்டாள். அது மருந்து, ஊசி போடுகிறவர்களுக்குச் சுண்டல் மருந்துக் கணக்கு என்றேன். ஒரு பொய்க்கு முட்டுக் கொடுக்க இன்னொரு பொய், அதற்கு இன்னொன்று. பள்ளிவாசலில் கொடுக்கும் நோன்பு நேர அட்டையை ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருப்போம். அதில் தினமும் ஒரு அரை வட்டம் போடுவாள். மறுநாள் மீதி அரை வட்டம். மூன்று ரமலானாக இப்படியே ஓடியது.

"அதுக்கு நெஜத்த சொல்லிடு அஜீசு. அது வெவரமான புள்ள. நாளைக்கு வேற ஒருத்தர் வாயால தெரிஞ்சா பேஜாராயிடும்" என்று யாசின் சொல்லிப் பார்த்தார். நாள் முழுக்க ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருக்கிறவருக்கு வீட்டில் நடப்பது என்ன தெரியும் என்று வாயை அடைத்துவிட்டேன். சொன்னது சொன்னபடியே நடந்தது. அதுவே எனக்கு ஒரு எரிச்சல்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். தஹ்சீன் வயிற்றில் ஏழு மாதம் இருக்கும்போது ரமலான் வந்தது. ஜூன் மாதம், வெயில் மண்டையைப் பிளந்தது. எனக்கு ரத்தம் கம்மி, நோன்பு வைக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். நான் சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்து முப்பதும் வைத்தேன். அந்தக் கதையைத் தஹ்சீனிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ கணக்கே இல்லை. "உன்ன வயித்துல வச்சிகினே முப்பது நோம்பும் வச்சவடி நானு" என்று துணி வெட்டும்போது சொல்லுவேன், தலை பின்னும்போது சொல்லுவேன். பெருமை. சொல்லும்போதெல்லாம் அவள் என் முகத்தையே பார்ப்பாள்.

இந்த வருஷம் ரமலான் மார்ச்சில் வந்தது. எதிர்வீட்டு லுப்னாக்காவின் மகள் ஹஃப்சாவுக்கும் ஒன்பது வயது, தஹ்சீன் படிக்கிற வகுப்புதான். பத்தாம் நோன்பன்று ஹஃப்சா முதல் நோன்பு வைத்தாள். சாயங்காலம் அவளுக்கு ஜிகினா வைத்த கவுன், கழுத்தில் ரோஜா மாலை, தலையில் பூ முக்காடு. மாடிப்படி வரைக்கும் ஆட்கள். வருகிறவர்கள் எல்லாம் அவள் கன்னத்தைத் தடவி வாயில் பேரீச்சம்பழம் ஊட்டினார்கள். அந்த கவுனைத் தைத்தவளே நான்தான். தஹ்சீன் அவள் பக்கத்தில் நின்று, "நானும் வச்சிகிறேன். இதோட முப்பத்தஞ்சி" என்று சொல்லியிருக்கிறாள்.

ஹஃப்சா சிரித்துவிட்டாள். அரை நோன்பெல்லாம் நோன்பே இல்லை, பால்வாடி பிள்ளைகளை ஏமாற்றச் சொல்வது என்றாளாம். நின்றிருந்த பிள்ளைகளும் சிரித்திருக்கின்றன. என் மகள் அங்கேயே சண்டை போட்டிருந்தாலும் எனக்குப் பரவாயில்லை. நேராகக் கீழே இறங்கிப் பள்ளிவாசலுக்குப் போய், எல்லோரும் தொழுது முடித்து வரும்வரை வாசலில் நின்று, தொழுகை நடத்துகிற அத்தாவுல்லா அஜ்ரத்திடமே கேட்டுவிட்டு வந்தாள்.

நான் மெஷினில் உட்கார்ந்திருந்தேன். எதிரில் வந்து நின்றாள்.

"அரை நோம்புன்னு ஒண்ணு கெடையாதாமே?"

"யார்டி சொன்னது?"

"அஜ்ரத்து. புள்ளைங்கள தாஜா பண்றதுக்கு சொல்றதாம். என் ஆசை அல்லாவுக்குத் தெரியும், அது போதும்னாரு." அவள் குரல் ஏறவே இல்லை. "சுண்டலு மருந்துன்னியே, அதுவும் பொய்யா?"

அப்போதாவது நான் அவளை மடியில் இழுத்து உட்காரவைத்து, பயத்தில் சொல்லிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். எதிர்வீட்டில் பிரியாணி மணக்கிறது, என் கையில் நாளைக்குக் கொடுக்க வேண்டிய மூன்று புர்கா, தலைக்குள் நோன்பு திறந்தும் விடாத வலி. எனக்குக் கோபம்தான் வந்தது.

"ஆமாடி, பொய்தான்! இன்னா இப்போ? உசிரோட கீற இல்ல? அத்த பாரு மொதல்ல. வந்துட்டா பெரிய போலீசு மாதிரி கேள்வி கேக்க."

அவள் நான் துணிமேல் கோடு போடுகிற கறுப்பு மார்க்கரை எடுத்துக்கொண்டு போய், ஃபிரிட்ஜில் இருந்த அட்டையில் எல்லா வட்டத்தையும் அடித்தாள். மெதுவாக, ஒவ்வொன்றாக, உள்ளே வெள்ளை தெரியாமல் அடித்தாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஊசிக்குக் கை நீட்டினாள், தட்டில் வைத்ததைத் தின்றாள், பேச்சு மட்டும் இல்லை. நானும் விட்டேன். பேசாமல் இருந்தால் இரு, எனக்கு வேலை இருக்கிறது என்று வீம்பாக இருந்தேன்.

மூன்றாம் நாள் விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு நான் எழுந்தபோது அவளும் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்கும் போடு, பசிக்குது" என்றாள். இரண்டு நாளைக்குப் பிறகு கேட்கிற குரல். சமாதானத்துக்கு வந்துவிட்டாள் என்று என் மனசு இளகிப்போனது. சாப்பிடுகிறாளே என்று காலை ஊசியை அப்போதே போட்டுவிட்டேன். நிறையச் சாப்பிட்டாள், ஒரு டம்ளர் பாலும் குடித்தாள். இன்டர்வெல்லுக்கு இட்லி ஒரு டப்பாவில், மதியத்துக்குச் சாதம் ஒரு டப்பாவில் கட்டிக் கொடுத்தேன். வேன் ஏறும்போது கை காட்டினாள். நான் அன்றைக்குச் சந்தோஷமாகத் தைத்தேன். இப்போது நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

சாயங்காலம் நாலே முக்காலுக்கு வேனிலிருந்து இறங்கி மேலே வந்தாள். பையை மாட்டினாள். இரண்டு டப்பாவையும் எடுத்துப் பாத்திரம் கவிழ்க்கிற ஸ்டாண்டில் கவிழ்த்து வைத்தாள். கால் மெஷினை மிதித்துக்கொண்டிருந்த நான் நிறுத்தினேன். மூன்று வருஷமாக ஒரு நாளும் இவள் டப்பாவைப் பையிலிருந்து வெளியே எடுத்ததில்லை. காய்ந்த சோற்றை நான்தான் சுரண்டுவேன். எழுந்து போய்ப் பார்த்தேன். இரண்டும் பளபளவென்று, ஸ்கூல் கைகழுவுகிற சோப்பு வாசனையோடு இருந்தன.

"யாரு கழுவனது?"

"நான்தான்."

"சாப்பாடு?"

"குடுத்துட்டேன்."

"இட்லி?"

"அதுவும்தான்."

கையைப் பிடித்தேன். ஐஸ் மாதிரி குளிர்ந்து, ஈரமாக இருந்தது. நெற்றி முடியெல்லாம் வேர்வையில் ஒட்டியிருந்தது. டிராயரைத் திறந்து ரத்தம் பார்க்கிற மெஷினை எடுத்து விரலில் குத்தினேன். அவள் எதிர்க்கவில்லை, பார்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்து நாலு காட்டியது. நான் குளுக்கோஸ் பாக்கெட்டைப் பிரித்த அந்த ஒரு நொடியில் கையை உதறிக்கொண்டு ஓடிப் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டாள்.

எங்கள் பாத்ரூம் கதவு பிளாஸ்டிக் கதவு. கைப்பிடி உடைந்து போன இடத்தில் ஒரு ஓட்டை, அதில் துணி அடைத்திருக்கும். நான் டம்ளரில் குளுக்கோஸைக் கலக்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன்.

"தொறடி!"

"மாட்டேன். பாங்கு சொல்லட்டும்."

அன்றைக்கு மஃரிப் ஆறு பதினெட்டுக்கு. அப்போது மணி ஐந்துகூட ஆகவில்லை.

"அம்பத்தி நாலு காட்டுது தஹ்சீன். அப்டின்னா இன்னான்னு உனக்குத் தெரியும் இல்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சிகினே உள்ள போய் பூட்டிகினியா? செத்துப் போவடி!"

குழாயில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் வேறு விதமாகப் பேசிப் பார்த்தேன். குரலைத் தணித்தேன்.

"கண்ணு, இத்த கேளு. நோயாளிக்கு நோம்பு கெடையாது. அல்லாவே சொல்லிகிறான். குர்ஆன்லயே கீது. நானா சொல்லல."

"அரை நோம்பும் நீதான் சொன்ன."

"இது நெஜம்டி!"

"அதுவும் நெஜம்னுதான் சொன்ன."

குர்ஆனில் இருக்கிற ஒரு வார்த்தையை, மலை மாதிரி இருக்கிற ஒரு உண்மையை நான் சொல்கிறேன், என் பிள்ளை நம்பமாட்டேன் என்கிறாள். நான் சொன்னதாலேயே நம்பமாட்டேன் என்கிறாள். மூன்று வருஷமாகச் சுண்டலை மருந்து என்று சொன்ன வாய் இது. கதவை ஓங்கி உதைத்தேன். பிளாஸ்டிக் வளைந்துகொடுத்ததே தவிரத் திறக்கவில்லை.

சத்தம் கேட்டு லுப்னாக்கா கையில் மாவோடு ஓடி வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு பூரிப்பு வந்தது பாருங்கள், அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"மாஷா அல்லா! காலைலர்ந்து வச்சிகினு கீதா? வுடு அஜீசு. இன்னும் கொஞ்ச நேரம்தானே. அவ்ளோ ஆசையா வச்ச நோம்ப எதுக்கு முறிக்கச் சொல்ற? தாங்கிடும். அல்லா பாத்துப்பான்."

நல்ல மனுஷிதான். என் பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தவர். அதெல்லாம் அப்போது எனக்கு எங்கே ஞாபகம் வந்தது?

"அல்லா பாத்துப்பானா? அப்போ நான் எதுக்குக்கா இங்க நிக்கறேன்? அவன் பாத்துக்கறதுக்குத்தான் என் கைல இந்த மெஷின குடுத்துகிறான், இந்த டம்ளர குடுத்துகிறான்! உன் பொண்ணுக்கு மாலை போட்டு ஊரக் கூட்டி வேடிக்கை காட்டினியே, அத்தோட நிறுத்திக்கோ. என் பொண்ணு உசுர வச்சி உபதேசம் பண்ணாத!"

உள்ளேயிருந்து தஹ்சீனின் குரல் வந்தது. சொற்கள் குழறத் தொடங்கியிருந்தன. அது அடமா, சர்க்கரை இறங்குகிற கிறுக்கா என்று எனக்குப் பிரித்துத் தெரியவில்லை.

"நான் வயித்துல இருக்கசொல்ல... டாக்டரு உனக்கும் வோணான்னாங்க. நீ முப்பதும் வச்ச. நீ மட்டும் வைப்ப. நான் வெக்கக்கூடாதா?"

தலை பின்னும்போது நான் சொன்ன கதை. துணி வெட்டும்போது நான் சொன்ன கதை. இந்தப் பிள்ளை அதை ஒரு வார்த்தை விடாமல் சேர்த்து வைத்திருக்கிறது. நான் அவளுக்குப் பொய்யாகச் சொல்லிக்கொடுத்த மார்க்கம் ஒரு பக்கம் இருக்கட்டும். நிஜமாகச் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். டாக்டர் வேண்டாம் என்றால் தலையாட்டிவிட்டு வந்து வைத்துவிடு, அதுதான் பெரிய ஈமான், பெரிய இறைநம்பிக்கை.

"நோம்ப வுட்டா அல்லா கோச்சிக்கமாட்டான்னு சொல்ற இல்ல," என்றாள். "நெஜம்னா நீ வுடு பாக்கலாம்."

பதினோரு வயதிலிருந்து நான் நோன்பு வைக்கிறேன். விலக்கான நாட்களைத் தவிர, வைத்த நோன்பை ஒரு தடவைகூட நடுவில் முறித்ததில்லை. காய்ச்சலில் வைத்திருக்கிறேன். சுனாமி வருஷத்துக்கு அடுத்த வருஷம் வீட்டுக்குள் மழைத்தண்ணீர் நின்றபோது கட்டில்மேல் உட்கார்ந்து வைத்திருக்கிறேன். தொண்டையில் தண்ணீர் இறங்கிவிடுமோ என்று வாய் கொப்பளிக்கக்கூட பயப்படுகிறவள். ஒரு பக்கம் எனக்கு அவள்மேல் அப்படி ஒரு ஆத்திரம், என்னை என்ன செய்ய வைக்கிறாய் என்று.

"அந்தத் துணிய எட்றி," என்றேன். "கண்ண வச்சி பாரு."

ஓட்டையில் இருந்த துணி அசைந்தது. இழுத்தாள், வரவில்லை, மறுபடியும் இழுத்தாள். துணி உள்ளே போய், ஓட்டையில் ஒரு கண் தெரிந்தது.

நான் பிஸ்மில்லா சொல்லி டம்ளரை வாயில் வைத்து ஒரே மூச்சில் குடித்தேன். "யா அல்லா! அஜீசு!" என்று லுப்னாக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து அந்தக் கண்ணுக்கு நேராகக் காட்டினேன்.

"பாத்தியா? போச்சி என் நோம்பு. இப்போ தொற."

தாழ்ப்பாளில் விரல் கீறுகிற சத்தம் கேட்டது. திறக்கப் பார்க்கிறாள், விரலில் பிடிமானம் இல்லை. "அம்மா, முடியல" என்றாள். மூன்று நாளில் அப்போதுதான் அம்மா என்றாள். நான் தோளால் இடித்தேன். லுப்னாக்காவும் மாவுக்கையோடு சேர்ந்து இடித்தார். மூன்றாவது இடியில் தாழ்ப்பாள் திருகாணியோடு பிய்ந்து வந்தது. சுவரில் சாய்ந்து நின்றிருந்தவளைப் பிடித்துக்கொண்டேன். லுப்னாக்கா ஓடிப்போய் இன்னொரு டம்ளர் கலக்கிக்கொண்டு வந்தார். அவரேதான் என் மகள் தலையைப் பிடித்துக்கொண்டார். தஹ்சீன் குடித்தாள்.

பதினைந்து நிமிடம் கழித்துப் பார்த்தபோது எண்பத்தொன்று. பிறகு சோறு ஊட்டினேன். ஊட்டிக்கொண்டே திட்டினேன். லுப்னாக்கா இருக்கிறார் என்றுகூடப் பார்க்காமல் திட்டினேன். நான் திட்டத் திட்ட அவள் ஒவ்வொரு வாயாக வாங்கி மென்றாள். பாங்கு சொன்னபோது பழக்கத்தில் என் கை பேரீச்சம்பழத்துக்குப் போனது. தஹ்சீன் அந்தக் கையையே பார்த்தாள்.

"உன்னுது அரை நோம்பாயிடுச்சா?" என்றாள்.

"அரை நோம்புன்னு ஒண்ணு கெடையாது. போனது போனதுதான். பெருநாளு முடிஞ்சி அதுக்குப் பதிலா ஒண்ணு வைப்பேன்."

"அப்போ எனக்கு?"

"உனக்கு அதுவும் கெடையாது. உன் ஒடம்புக்கு நோம்பே கெடையாது. ஒரு நோம்புக்கு ஒரு ஏழைக்கு சாப்பாடு குடுக்கணும். அதான் உன்னுது."

"இது நெஜமா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கண் எதிரில் நோன்பை முறித்துக் காட்டிய பிறகும் கேட்கிறாள். "போய் உங்க அஜ்ரத்தாண்டயே கேளு!" என்றேன். நான் கோபத்தில் சொன்னேன். அவள் மறுநாள் நிஜமாகவே போய்க் கேட்டாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஸ்கூல் விட்டு வந்ததும் டப்பாவைப் பையிலேயே விட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனாள். நான் டப்பாவைத் திறந்து பார்த்தேன். காய்ந்த சோறு ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுரண்டும்போது எனக்கு அழுகை வந்தது. அழுதேன்.

கால் மணி நேரத்தில் திரும்பி வந்து மெஷினுக்கு எதிரில் நின்றாள்.

"நீ சொன்னது கரீட்டுதான். அவரும் அதேதான் சொன்னாரு. இனிமே யாராச்சும் சிரிச்சா என்னாண்ட வந்து கேக்கச் சொல்லுன்னாரு."

"சரி. போய் கை கழுவு."

போகவில்லை. "இன்னொண்ணும் சொன்னாரு. வயித்துல புள்ள கீறவங்களுக்கும் அந்தச் சலுகை உண்டாம். புள்ளைக்கு கெடுதின்னா வைக்கவே கூடாதாம். அப்போ நீ ஏம்மா வச்ச?"

ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். நூல் கோணிக்கொண்டு வெளியே போனது. அல்லாவுக்காக என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது. பத்து வருஷமாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் நிஜம் வேறு. யாசினின் அக்கா அன்றைக்கு எல்லோர் முன்னாலும், இவள் எங்கே முப்பதும் வைக்கப் போகிறாள், மூன்றாம் நாளே படுத்துவிடுவாள் என்று சிரித்தாள். அவள் சிரிப்பை அடக்குவதற்காகவே வைத்தேன். ராத்திரியில் வயிற்றில் பிள்ளை அசையாமல் கிடக்கிறதே என்று பயந்து பயந்து வைத்தேன். அதனால்தான் பிள்ளைக்கு இந்த வியாதி என்று யாரும் சொல்லவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டரம்மா இரண்டு தடவை சொல்லிவிட்டார். ஆனாலும் ஒவ்வொரு தடவை அவளுக்கு ஊசி குத்தும்போதும் அந்த முப்பது நாள் எனக்கு ஞாபகம் வருகிறது.

"உங்க அத்தை சிரிச்சா," என்றேன். "அவகிட்ட தோக்கக்கூடாதுன்னு வச்சேன். வீம்பு."

தஹ்சீன் யோசித்தாள். "அப்போ அந்த முப்பதும் கணக்குல வருமா, வராதா?"

"தெரியலடி. எனக்குத் தெரியாது. அது அவனுக்குத்தான் தெரியும்."

அல்லாவைப் பற்றி அவளிடம் எனக்குத் தெரியாது என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இதை மட்டும் யாரிடமும் போய்க் கேட்கவில்லை. கை கழுவிக்கொண்டு வந்து, எதிர்வீட்டுக் கதவும் எங்கள் கதவும் அகலத் திறந்திருக்க, எல்லோரும் நோன்போடு இருக்கிற அந்த நேரத்தில் நடுவீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"சுண்டல் குடு, பசிக்குது" என்றாள்.